வன்தட்டு கையளிப்பு விழா

அருந்ததியின் கணினி சத்தம் போடத் தொடங்கியதை அவளுக்கு முன்பே அறிந்தவள் நான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். வெள்ளவத்தையில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் சுவரை எவ்வளவு மெல்லியதாகக் கட்டலாம் என்பதில் ஆழ்ந்த ஆராய்ச்சி செய்தவர்கள். கடக், கடக் என்று கேட்டதும் முதலில் அவள் பாக்கு வெட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அருந்ததி வெற்றிலை போடுகிறவள் அல்ல. ஆகவே போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

"அக்கா, உங்களுக்கும் கேக்குதே?" என்றாள், கணினிப் பெட்டியின் அருகே குந்தியிருந்தபடி.

"ஏதோ கொஞ்சம் கேட்டமாதிரி இருந்தது. நான் பெரிசாய்க் கவனிக்கேல்லை," என்றேன்.

அருந்ததிக்குத் தொழில் கல்வெட்டு. எங்கள் ஆட்களில் ஒருவர் தவறினால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். அதில் தேவாரம் இருக்கும், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு இருக்கும், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எழுதிய பாட்டுகள் இருக்கும். அதைத் தன் வீட்டு மேசையிலேயே கணினியில் அச்சுக்கோத்துக் கொடுப்பவள் அவள். தேவாரத்தில் பிழை விடமாட்டாள். அதைவிட முக்கியம், பிள்ளைகள் தகப்பனைப் பற்றி எழுதிக் கொடுப்பதைச் சிரிக்காமல் அடித்து முடிப்பாள். அதற்கு ஒரு மனத்திடம் வேண்டும். என்னால் முடியாது.

அந்தக் கிழமை அவள் கையில் இருந்தது பின் ஒழுங்கையில் காலமான சிவபாதசுந்தரம் ஐயாவின் கல்வெட்டு. அவருடைய மகள் யதுஷா கொண்டுவந்து கொடுத்த பொருள்களில் ஒரு படமும் இருந்தது. ஐயா இளந்தாரியாக, புது வேட்டியுடன், காலிமுகத்திடலில் காற்றுக்குத் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அவரது இளவயதுப் படம் என்று உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான். அருந்ததி சட்டத்தோடேயே வைத்து ஸ்கான் செய்தாள். நல்லவேளை. பிறகு சட்டத்திலிருந்து எடுத்தபோது முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போய்விட்டது. இப்போது அந்த முகம் இருப்பது கடகடக்கும் அந்தப் பெட்டிக்குள் மட்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து கிளைவ் வந்தான். கணினி திருத்துகிற பெடியன். பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

"அக்கா, டிஸ்க் போகப்போகுது."

"எப்ப?"

"அதுட்டத்தான் கேக்கணும். நாளைக்கும் போகலாம், ரெண்டு மாசமும் இழுக்கலாம்."

"பென் டிரைவிலை எடுக்கப் பாத்தன் தம்பி. படத்திலை கை வைச்ச உடனை உறைஞ்சு போகுது."

"அப்படி எடுக்க ஏலா. டிஸ்க்கக் கழட்டித் தாங்க, கடையில என்ட மெஷின்ல போட்டு மெல்ல மெல்ல எடுக்கலாம். புதுசு ஒண்டும் போடணும். இந்தப் போர்டில ரெண்டு விதமாப் போட ஏலும். சாட்டா எண்டு வயர் வச்சுப் பூட்டுறது ஒண்டு. மற்றது என்விஎம்ஈ, சுவிங்கம் துண்டு மாதிரி இருக்கும், போர்டிலயே செருகுறது. அது வேகம், இது மலிவு. உங்கட வேலைக்கு எது போட்டாலும் ஒண்டுதான். எது வேணும்?"

நீங்களும் நானும் என்றால் 'எதையாவது போடு ராசா' என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போயிருப்போம். அருந்ததி பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தாள். அங்கே மூடியும் உடலும் சேரும் இடத்தில் சரஸ்வதி வீணை வாசித்துக்கொண்டிருந்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கணினி புன்னைவெளி வாணி வித்தியாலயப் பழைய மாணவர் சங்கம், கொழும்புக் கிளை அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. பதிலுக்குச் சங்கத்தின் ஆண்டு மலரை அவள் இலவசமாக அடித்துக் கொடுப்பாள். கொடுத்த விழாவின் படம் அவள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நிர்வாகசபை முழுவதும் சேர்ந்து ஒரு கணினியைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அருந்ததி படத்தில் இல்லை. இடம் போதவில்லை. உள்ளே இருப்பதை யாரும் எடுத்து விற்றுவிடாமல் இருக்க, அன்றே மூடியின் பொருத்தின்மேல் சங்க முத்திரையை ஒட்டினார்கள். முத்திரையில் வாணி. அதைக் கிழிக்காமல் மூடியைக் கழற்ற முடியாது. கிழித்தால் கிழிவது சரஸ்வதி.

"சங்கத்திட்டை ஒரு சொல் கேட்டிட்டுச் செய்வம்," என்றாள் அருந்ததி. "ஒரு போன்தானே."

சங்கத் தலைவர் சவுந்தரநாயகம் ஐயா அரசாங்கத்தில் பெரிய பதவியிலிருந்து இளைப்பாறியவர். பதவி இன்னும் இளைப்பாறவில்லை. அருந்ததி ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைத்தாள்.

"பிள்ளை, நீர் கேட்டது நல்லது. ஒண்டிலும் கை வையாதையும்."

"ஐயா, சின்ன வேலை. சாட்டா போடுறதோ, என்விஎம்ஈ போடுறதோ எண்டதுதான். நானே வாங்கிறன், முத்திரையை மட்டும்..."

"சின்ன வேலை எண்டு ஒண்டு சங்கத்திலை இல்லைப் பிள்ளை. சங்கச் சொத்துக்குள்ளை சங்கத்துக்குத் தெரியாமல் ஒரு பொருள் போகலாமோ? இது கொள்கைப் பிரச்சினை. நிர்வாகசபையைக் கூட்டுறன்."

கிளைவ் தன் திருப்புளியைப் பைக்குள் போட்டான். "கெதியாக் கேட்டுச் சொல்லுங்க அக்கா," என்றான். பாவம், அவன் கத்தோலிக்கன். எங்கள் சங்கங்கள் பற்றி அவனுக்குத் தெரியாது.

கூட்டத்துக்கு நானும் போனேன். ஆயுள் அங்கத்தவர் என் மனிசன்தான். ஆனால் அவருக்குக் கூட்டம் என்றால் தலையிடி. வீட்டுக்கு ஒருவராவது போகாவிட்டால் நன்றாக இராதே.

மங்கல விளக்கேற்றினோம். பாடசாலைக் கீதம் பாடினோம். இரண்டாம் சரணம் எவருக்கும் தெரியாது, முதலாவதை இன்னொரு முறை பாடினோம். பிறகு அண்மையில் மறைந்த அங்கத்தவர்களுக்காக எழுந்து நின்றோம். சிவபாதசுந்தரம் ஐயாவும் சங்கத்து அங்கத்தவர்தான். அவருக்காக நாங்கள் கண்ணை மூடி நின்ற அந்த நேரத்தில் கிளைவ் மூடியைக் கழற்றி முடித்திருப்பான்.

பிறகு தலைமையுரை.

"அன்பானவர்களே! உடல் பெரிதா, உயிர் பெரிதா என்று கேட்டால் நான் சொல்வேன், இரண்டும் சேருகின்ற இடமே பெரிது. கணினிக்கும் வன்தட்டு எனப்படும் டிஸ்க்குக்கும் இடையில் உள்ள அந்த இணைப்பைத்தான் இடைமுகம் என்கிறார்கள். முகம் என்று வந்துவிட்டாலே அதில் சங்கத்தின் கௌரவம் இருக்கிறது. நான் திணைக்களத்தில் பணியாற்றிய காலத்தில் ஒரு மின்விசிறி வாங்குவதற்கு ஆறு வருடம் எடுத்தோம். அவசரப்படவில்லை. இன்று அந்தத் திணைக்களத்தைப் பற்றி எவரும் ஒரு குறை சொல்வதில்லை."

அந்தத் திணைக்களம் மூடப்பட்டுவிட்டது என்பதை எவரும் நினைவூட்டவில்லை. கைதட்டினோம்.

அடுத்து லண்டன் கிளைச் செயலாளர் சாரங்கன் திரையில் தோன்றினார். கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்கள் லண்டனிலை சாட்டாவைக் கண்டு கனகாலம். இந்தக் கொம்பியூட்டர் எங்கடை கிளையின்ரை காசிலை வாங்கினது. எங்கடை பேர் ஒட்டின பெட்டிக்குள்ளை பழைய சாமான் கிடந்தால் எங்களுக்குத்தான் வெக்கம். என்விஎம்ஈதான். வேறை கதை இல்லை."

ரொறன்ரோக் கிளைத் தலைவர் அப்போது கொழும்பில் விடுமுறையில் நின்றார். நேரிலேயே எழுந்தார்.

"புது வன்தட்டுக்குக் காசு போடுறது ஆர்? நாங்கள். அப்ப எது எண்டு சொல்லவேண்டியதும் நாங்கள். சாட்டாவிலை ஒரு வயர் இருக்கு. எங்கையிருந்து எங்கை போகுது எண்டு கண்ணாலை பாக்கலாம். கணக்கு வழக்கு மாதிரி எல்லாம் வெளியாலை தெரியவேணும். செருகிப்போட்டு மூடுற சாமானிலை எங்களுக்கு நம்பிக்கை இல்லை."

"கணக்கு வழக்கு எண்டு ஆரைச் சொல்லுறியள்?" என்று காருக்குள்ளிருந்து லண்டன் கேட்டது.

இந்த இடத்தில்தான் பொருளாளர் சுபோதினி எழுந்தாள். சங்கத்தில் உருப்படியான கேள்வி கேட்பவள் என்று பெயர். கடையொன்றில் இரவல் வாங்கிவந்த இரண்டு மாதிரிகளையும் மேசையில் வைத்தாள். ஒன்று சாப்பாட்டுப் பெட்டி அளவு. மற்றதை உள்ளங்கையில் வைத்து உயர்த்திக் காட்டினாள்.

"எங்கை?" என்றது பின்வரிசை.

"இதுதான் என்விஎம்ஈ."

"எது?"

"பாத்தியளே? கையளிக்கேக்கை படம் எடுக்கவேணும். இதைக் குடுத்தால் படத்திலை என்ன தெரியும்? ஒண்டும் குடுக்காமல் வெறுங்கையைக் குலுக்கினம் எண்டுதான் சனம் நினைக்கும். முகநூலிலை போட ஏலுமே?"

இவ்வளவு நேரமும் வேகம், விலை என்றெல்லாம் கதைத்தவர்கள் தங்கள் அறியாமைக்காக வெட்கப்பட்டார்கள். உண்மையான பிரச்சினை இப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்திருந்தது.

"பெரிய காசோலை அடிக்கிற மாதிரி, ரெஜிபோம் அட்டையிலை பெரிசாய் ஒண்டு வெட்டிப் பிடிக்கலாம்," என்றார் சாரங்கன். லண்டன் எதற்கும் ஒரு வழி வைத்திருக்கும்.

அருந்ததி எழுந்து நின்றாள். "ஐயா, எனக்கு ரெண்டிலை எது எண்டாலும் சரி. டிஸ்க் நிண்டு போகப்போகுது. முப்பத்தொண்டு வருது. முத்திரையைத் திறக்க மட்டும் ஒருக்கா விடுங்கோ."

சவுந்தரநாயகம் ஐயா கனிவோடு சிரித்தார். "பயனாளியின் கருத்தைக் கடைசியாகத்தான் கேட்கவேண்டும் என்பது எங்கள் யாப்பு. அமருங்கள். பிள்ளை, அவசரப்பட்டால் உதவி செய்யலாம். சேவை செய்ய முடியாது."

இடைமுகத் தெரிவு உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. வடை நன்றாக இருந்தது.

அடுத்த நாட்களில் சுவருக்கு அந்தப் பக்கம் அருந்ததி பட்ட பாட்டை நான் முழுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கணினியைச் சிறிது நேரம் போடுவாள், இரண்டு பக்கம் செய்வாள், கடகடத்ததும் நிறுத்திவிட்டு ஆறவிடுவாள். என் மேசை விசிறியையும் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் வைத்துக் கொடுத்தேன். பிரசவ வார்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

யதுஷா வந்தாள். வந்தவுடன் போனை நீட்டினாள். "அக்கா, நோர்வே அண்ணா இன்னும் ரெண்டு விருத்தம் அனுப்பியிருக்கிறார்."

அருந்ததி வாசித்தாள். நானும் தோளுக்கு மேலால் வாசித்தேன். ஒரே வரியில் சிவபாதசுந்தரம் ஐயா ஆலமரமாகவும் சூரியனாகவும் கப்பலாகவும் இருந்தார். அருந்ததி சிரிக்கவில்லை.

"போடலாம்," என்றாள்.

"அப்பாவின்ரை அந்தப் படம் முதல் பக்கத்திலை வருமெல்லே? அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா. கண்ணாடியிலை ஒட்டின துண்டைத்தான் வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறா. அதிலை ஒரு காதும் பின்னாலை நிண்ட காற்சட்டைக்காரன் ஒருத்தன்ரை முழங்காலும்தான் தெரியுது."

"வரும் பிள்ளை," என்றாள் அருந்ததி. பெட்டி கடக் என்றது.

யதுஷா போனபிறகு நான் சொன்னேன், "கிழிச்சுப்போட்டுத் திறவன். சரஸ்வதி கோவிக்க மாட்டா."

"சரஸ்வதி கோவிக்க மாட்டா அக்கா. சவுந்தரநாயகம் ஐயா கோவிப்பார். கொம்பியூட்டரைத் திருப்பித் தா எண்டு நிப்பினம். பிறகு நான் எதிலை வேலை செய்யிறது? அதோடை, சரஸ்வதியைக் கிழிச்சவள் எண்டு மலரிலையே எழுதுவினம்." விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டு, "அதையும் நான்தான் அடிக்கவேணும்," என்றாள்.

உபகுழு நேரில் பார்வையிட வந்தது. சப்பாத்துகள் வாசலில் கிடந்த கணக்கைப் பார்த்தால் யாரோ செத்த வீடு போல இருந்தது. காவற்காரன் மேலே வந்து "மொகத அக்கே?" என்று, என்ன விஷயம் எனச் சிங்களத்தில் என்னிடம் விசாரித்துவிட்டுப் போனான். தேத்தண்ணி குடித்தார்கள். கடகடப்பைக் கேட்டார்கள். ஓர் உறுப்பினர் கண்ணை மூடித் தொடையில் தட்டிப் பார்த்து, "தாளம் தப்பேல்லை, இன்னும் கன நாள் போகும்," என்று அபிப்பிராயம் சொன்னார். சவுந்தரநாயகம் ஐயா பழைய காலத்து ஐடிஈ வயரைப் பற்றிக் கதைத்தார். "நாடா மாதிரி அகலம். பூட்டினால் பூட்டினதுதான். ஒரு கம்பீரம் இருந்தது. அந்த மாதிரி இடைமுகமும் இல்லை, அந்த மாதிரி உத்தியோகத்தர்களும் இல்லை."

"ஐயா, அது இப்ப வாறதில்லை," என்றாள் அருந்ததி.

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

இரண்டாம் கூட்டத்தில் வாக்கெடுப்பு. சரிபாதி. தீர்மானிக்கும் வாக்கு தலைவரிடம் வந்தது. ஐயா வியர்வையைத் துடைத்தார். லண்டனை நோகடித்தால் மலருக்குக் காசு வராது. ரொறன்ரோவை நோகடித்தால் மண்டபக் கூரைக்குக் காசு வராது. சங்கத்தில் இப்படி ஒரு நிலை முன்பும் வந்திருக்கிறது. தலைவர் பதவிக்கு இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் நின்றபோது, இருவருக்கும் வேண்டாத மூன்றாமவராகத் தெரிவானவர்தான் சவுந்தரநாயகம் ஐயா. அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் இழுபறி என்று வந்தால் அதுவே வழக்கம். இருவரும் கேட்காததை எடுப்பது.

"மூண்டாவதாய் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்.

சுபோதினியிடம் இருந்தது. "எஸ்ஏஎஸ் எண்டு ஒண்டு இருக்கு ஐயா. பெரிய கம்பனியள், வங்கியள் எல்லாம் தங்கடை சேர்வர்களுக்கு இதைத்தான் போடுறவை. என்ரை மச்சான் புறக்கோட்டையிலை வைச்சிருக்கிறார். சாட்டா மாதிரியே பெரிசு, படத்திலை நல்லாய்த் தெரியும். பாரமும் கூட."

"லண்டன் இதைக் கேட்டதோ?"

"இல்லை."

"ரொறன்ரோ?"

"இல்லை."

"அப்ப இதுதான்!" மண்டபம் கைதட்டியது. திரையில் சாரங்கனும் கைதட்டினார். ஸ்டியரிங்கை விட்டாரா என்பது தெரியவில்லை.

அருந்ததி கையை உயர்த்தினாள். "என்ரை கொம்பியூட்டருக்கு இது பொருந்துமே ஐயா?"

"பிள்ளை, முதலிலை ஒற்றுமை. பொருத்தம் பிறகு பாக்கலாம்."

"கலியாணத்துக்கே பொருத்தம் பாத்துத்தான் செய்தனாங்கள், என்ன கண்டனாங்கள்?" என்றது பின்வரிசை. எல்லாரும் சிரித்தோம். அருந்ததி கைப்பையின் வாரைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுந்தூர பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களின் முகம் அவளுக்கு.

விழா, முப்பத்தோராம் நாளுக்கு முந்திய ஞாயிறன்று. 'வன்தட்டு கையளிப்பு விழாவும் முத்திரை திறப்பும்' என்று பதாகை. அதில் தலைவர், செயலாளர், பொருளாளர், பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லாருடைய படங்களும் இருந்தன. வன்தட்டுக்கும் படம் இருந்தது. கீழ் மூலையில் 'பயனாளி' என்று ஒரு சொல்.

கணினியையும் மேடைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. முச்சக்கரவண்டியில் அருந்ததி அதை மடியில் வைத்து, கீழே இரண்டு தலையணை கொடுத்து, காலி வீதியின் ஒவ்வொரு குழிக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் பக்கத்தில் இருந்து "மல்லி, ஹெமின், ஹெமின்" என்று, மெதுவாக ஓட்டும்படி சாரதியிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

எஸ்ஏஎஸ் வன்தட்டு வெள்ளித் தாம்பாளத்தில், வெற்றிலையின்மேல், மல்லிகைப் பூவுக்கு நடுவில் இருந்தது. யாரோ அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமமும் வைத்திருந்தார்கள். இணைப்பு முனை எது என்று தெரியாமல், எடுப்பாகத் தெரிந்த அதன்மீதே வைத்திருந்தார்கள். கிளைவை அருந்ததி வரச்சொல்லியிருந்தாள். டீசேர்ட்டோடு மேடையேறக் கூடாது என்று யாருடையதோ ஒரு வெள்ளைச் சேர்ட்டைக் கொடுத்தார்கள். கை விரல் நுனிவரை வந்தது.

சரஸ்வதியைக் கிழிக்கலாமா என்ற கேள்விக்கு உபகுழு நல்ல தீர்வு கண்டிருந்தது. பிரதம விருந்தினர் கிழித்தால் அது கிழிப்பு அல்ல, திறப்பு. பிரதம விருந்தினரான ரொறன்ரோக் கிளைத் தலைவர் நாதஸ்வர ஒலிநாடா முழங்க முத்திரையைப் பிடித்து இழுத்தார். வாணி வீணையோடு இரண்டானாள். கரகோஷம். எத்தனை நாட்கள் அருந்ததி கெஞ்சிய காரியம், ஒரு படம் எடுக்கிற நேரத்துக்குள் முடிந்தது.

பிறகு கையளிப்பு. எல்லாரும் ஒரு விரலாவது படும்படி வன்தட்டைப் பிடித்தார்கள். சவுந்தரநாயகம் ஐயா ஒலிவாங்கியை எடுத்தார்.

"இந்த வன்தட்டு ஒரு பொருள் அல்ல. இது எங்கள் ஒற்றுமையின் சின்னம். இதில் லண்டனும் இல்லை, ரொறன்ரோவும் இல்லை. உண்மையைச் சொன்னால் இதை எவருமே விரும்பவில்லை. எவரும் விரும்பாத ஒன்றை எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதைவிட ஜனநாயகம் வேறு எங்கே இருக்கிறது? இப்போது தம்பி பொருத்துவார்."

கிளைவ் குங்குமத்தைத் துடைத்தான். பூட்டிப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான்.

"சேர், இது ஏறாது."

"மெதுவாய் முயற்சி செய்யும் தம்பி. சனம் பாத்துக்கொண்டிருக்கு."

"மெதுவா செஞ்சாலும் ஏறாது. இது சேர்வருக்குப் போடுறது. இந்தப் போர்டில இதுக்கு இடமே இல்லை."

"இடம் இல்லையோ, இடம் குடுக்க மனம் இல்லையோ?" என்று ஐயா ஒலிவாங்கியில் கேட்டுச் சபையைப் பார்த்துச் சிரித்தார். சபையும் சிரித்தது. கிளைவ் வன்தட்டைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்தான். சிறிது நேரம் மேடையில் குசுகுசுப்பு நடந்தது. பிறகு ஐயா மறுபடி முன்னால் வந்தார்.

"மகிழ்ச்சியான செய்தி. எங்கள் வன்தட்டு இந்தக் கணினியின் தகுதிக்கு மேற்பட்டது என்று நிபுணர் உறுதிப்படுத்தியிருக்கிறார். ஆகவே இந்த வன்தட்டுக்கு ஏற்ற ஒரு கணினியை வாங்குவதற்கான நிதியத்தை இந்த மேடையிலேயே ஆரம்பித்துவைக்கிறேன்!"

அதற்கும் விளக்கு ஏற்றினார்கள். எண்ணெய் மிச்சம் இருந்தது.

சாப்பாடு என்று சொன்னதும் மேடை வெறிதானது. எல்லாரும் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றார்கள். அருந்ததி மேடையிலேயே நின்றாள். மூடி திறந்தபடி கிடந்த பெட்டியைப் பார்த்தாள்.

"தம்பி, பழசைக் கழட்டும்."

"சங்கத்துல கேக்கவேணாமா அக்கா?"

"கழட்டும்."

நான் என் தட்டோடு மேடைப் படியில் போய் வழியை மறித்து நின்று சொதி குடித்தேன். அகலமாக இருப்பதில் ஒரு பயன் உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன். சுபோதினி அந்தப் பக்கமாக வந்து, "அக்கா, மேலை என்ன நடக்குது?" என்றாள்.

"அலங்காரத்தைக் கழட்டினம். சம்பல் முடியப்போகுதாம், கெதியாய்ப் போ," என்றேன்.

ஒரு திருப்புளி, நான்கு ஆணி, ஒரு வயர். அருந்ததி வன்தட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். கணினியை மேடையிலேயே விட்டுவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவளைத் தனியே விடலாமா? நானும் முச்சக்கரவண்டியில் ஏறிக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில் கிளைவின் கடை, கோயில் மெழுகுதிரி விற்கிற கடைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து. வன்தட்டைத் தன் கருவியில் பூட்டினான். கடக், கடக். பிறகு ஒன்றுமில்லை. அருந்ததி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைவ் கழற்றிக் கவிழ்த்து வைத்து மறுபடி பூட்டினான். சுழன்றது. திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின, அரசாங்கக் கந்தோரில் வரிசை நகருகிற வேகத்தில். தேவாரம் வந்தது. வாழ்க்கை வரலாறு வந்தது. பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தபோது படம் மேலிருந்து கீழாகத் திறந்தது. முதலில் வானம். பிறகு தலைமயிரைப் பிடித்த கை. பிறகு முகம்.

அருந்ததி மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, தலையைக் குனிந்தாள். அழுகிறாளோ என்று நன்றாக எட்டிப் பார்த்தேன். இல்லை. களைப்பு.

நோர்வே விருத்தங்கள் மட்டும் வரவில்லை. டிஸ்க்குக்கும் ஒரு ரசனை இருந்திருக்கிறது. ஆனால் அந்த அண்ணா வட்ஸ்அப்பில் மறுபடி அனுப்பிவிட்டார், ஒன்று கூடுதலாக.

கடையில் கிடந்த பாவித்த கணினி ஒன்றை அவள் தன் காசில் எடுத்தாள். கல்வெட்டு அதில் முடிந்தது.

முப்பத்தோராம் நாள் யதுஷா வீட்டில் சாப்பாடு முடிந்து புத்தகத்தைக் கொடுத்தார்கள். யதுஷாவின் அம்மா முதல் பக்கத்தைத் திறந்தார். அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை. யாரோ பாயசம் கொண்டுவந்து நீட்டினார்கள், வேண்டாம் என்று கையால் காட்டினார்.

சவுந்தரநாயகம் ஐயா நினைவுரை ஆற்றினார். அமரர் சங்கத்துக்குச் செய்த சேவையைவிடச் சங்கம் அமரருக்குச் செய்த சேவை கூடுதலாக வந்தது. இறங்கியதும் நேராக அருந்ததியிடம் வந்தார்.

"பிள்ளை, கொம்பியூட்டர் மண்டபத்திலை கிடக்கு. உள்ளை இருந்த பழைய வன்தட்டைக் காணேல்லை. அது சங்கச் சொத்தெல்லே?"

நான் பீடாவை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினேன்.

"என்னட்டைத்தான் கிடக்கு ஐயா," என்றாள் அருந்ததி. "சும்மா தரக்கூடாது எண்டுதான் வைச்சிருக்கிறன். ஒரு விழா வைச்சுக் கையளிக்கிறன். நீங்கள் உபகுழு ஒண்டு போடுங்கோ."

ஐயாவின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீரே, இதுதான் வாணியின் பிள்ளை! அப்ப இனி நீர் பயனாளி இல்லை, கொடையாளி. மேடையிலை கதிரை உண்டு. பொன்னாடை உண்டு. லண்டனோடை கதைச்சுத் திகதி சொல்லுறன்."

திகதி இன்னும் வரவில்லை. வராது என்று அருந்ததிக்குத் தெரியும். வந்தாலும் அவளுக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன். கேட்காவிட்டால் எனக்கு நித்திரை வராது.

"அது சரி, கடைசியிலை புதுக் கொம்பியூட்டருக்கை இருக்கிறது எது? சாட்டாவோ, மற்றதோ?"

"தெரியாது அக்கா."

"தெரியாதோ? கிளைவ் கேட்டிருப்பானே."

"கேட்டவன். கையிலை கிடக்கிறதைப் போடும் எண்டன்."

நான் மேலே ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. ஒழுங்கையின் ஓரமாக ஒதுங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"ஓம், அருந்ததிதான். ஆர் தவறினது?... ஐயோ. எப்ப?... சரி, சரி. முப்பத்தொண்டு எண்டைக்கு வருது?"